மடத்தில் சேருமுன்: குமரி எல்லையில் ஓர் அழைத்தலைத் தெளிந்து தேர்தல்

குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை. ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும் இந்த மூன்று ஊர்களின் பெயரிலும் மூன்று கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இருக்கின்றன. குழித்துறை இலத்தீன் முறை; முறை என்றால் வழிபாட்டு மரபு. 2014இல் கோட்டாறிலிருந்து பிரிந்தது. மார்த்தாண்டம் சீரோ மலங்கரை, தக்கலை சீரோ மலபார். இரண்டும் கீழைத் திருச்சபைகளின் முறை, 1996இல் உருவானவை. ஞாயிறு காலையில் ஒரே தெருவிலிருந்து கிளம்பும் இரண்டு தோழிகளில் ஒருத்தி திருப்பலிக்குப் போவாள், இன்னொருத்தி குர்பானாவுக்குப் போவாள். ஒருத்திக்கு ஃபாதர், இன்னொருத்திக்கு அச்சன். எல்லை தாண்டிப் பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ போனால் இதே கலவை மலையாளத்தில் நடக்கும்.

‘எனக்கு மடத்துல சேரணும்’ என்று ஒரு பெண் வாயெடுத்தால் போதும், இந்தப் பக்கம் அவளுக்கு வழிகாட்ட நிறைய ஆள் உண்டு. பள்ளிக்கூடத்து சிஸ்டர், கேரளத்து மடத்தில் இருக்கும் சித்தி, அழைத்தல் (துறவுக்குக் கடவுள் அழைப்பது) பற்றி முகாம் நடத்த வரும் ஊக்குநர், பங்குத்தந்தை. சபைகளுக்கும் குறைவில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மேஸ்டர் 1897இல் முளகுமூட்டில் தொடங்கிய பணி, பல நாடுகளில் கிளைவிட்ட ஒரு மறைபரப்புச் சபையாக வளர்ந்தது. மலங்கரை முறையைச் சேர்ந்த மரியின் புதல்வியர் சபை 1938இல் மார்த்தாண்டத்திலேயே பிறந்தது. இவற்றோடு கேரளத்தின் கர்மேல், கிளாரிஸ்ட், பெத்தனி மடங்கள், புதுச்சேரியிலும் திருச்சியிலும் தோன்றிய தமிழ்ச் சபைகள். ஆனால் இவர்கள் எல்லாரும் சொல்லித் தருவது எப்படிச் சேர்வது என்பதை. சேரலாமா, எதில் சேரலாம், எந்த நேரத்தில் சேரக் கூடாது என்று உட்கார்ந்து யோசிக்க உதவுகிறவர்கள் குறைவு.

மே மாதத்து அவசரம்

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல், மே விடுமுறையில் அழைத்தல் முகாம்கள் நடக்கின்றன. பாஸ்கா காலத்தின் (ஈஸ்டரை ஒட்டிய வாரங்களின்) நான்காம் ஞாயிறு, அதாவது நல்லாயன் ஞாயிறு, 1964 முதல் இறையழைத்தலுக்காகச் செபிக்கும் உலக நாளாக இருப்பதால் கோயில் மறையுரையும் அதைப் பற்றியே இருக்கும். மே மாதம் ரிசல்ட். ஜூனில் மடங்களில் புதியவர்களைச் சேர்க்கிறார்கள். முகாமில் முதல்முறையாக ஒரு சபையின் பெயரைக் கேட்ட பெண், ஆறேழு வாரத்தில் அந்தச் சபையின் வாசலில் பெட்டியோடு நிற்கிறாள். அந்த ஆறு வாரத்தில் ரிசல்ட் பயம், கல்லூரிக் கட்டணக் கவலை, வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எல்லாம் சேர்ந்தே ஓடுகின்றன. இந்த நிலையில் எடுக்கும் முடிவை வைத்து அழைத்தல் உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசை எழுந்த நாளிலிருந்து சேரும் நாள் வரை குறைந்தது ஓராண்டு இடைவெளி விடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அந்த ஓராண்டில் கல்லூரியில் சேரலாம், வேலைக்குப் போகலாம். சபையோடு தொடர்பில் இருக்கலாம். உண்மையான அழைத்தல் ஓராண்டில் காய்ந்துவிடாது. ‘இந்த வருஷம் விட்டால் மனசு மாறிவிடும்’ என்று யாராவது துரிதப்படுத்தினால், அந்த வாக்கியத்தையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சபையே அவசரப்படுவதில்லை. படிக்கட்டைப் பார்த்தால் தெரியும். முதலில் ஒன்றிரண்டு ஆண்டு ‘கேண்டிடேட்’ அல்லது ‘ஆஸ்பிரன்ட்’. சபை வீட்டில் தங்கி ஆங்கிலம், பாட்டு, வேதாகமம், சமையல், கூட்டு வாழ்க்கை பழகும் காலம். விட்டுப்போன படிப்பைப் பல சபைகள் இந்தக் காலத்தில்தான் முடிக்க வைக்கின்றன. அடுத்து ‘போஸ்டுலன்ட்’, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு. பள்ளி, மருத்துவமனை போன்ற வெளிப்பணி செய்யும் சபைகளில் இந்த இரண்டு படிகளின் நீளத்தை அந்தந்தச் சபையின் விதிகளே சொல்கின்றன.

அதற்கு அடுத்த படி நவதுறவு, பேச்சுவழக்கில் ‘நொவிஷியேட்’. இங்கே பொதுச்சட்டம் கறாராகிறது. 17 வயது நிறையாதவளைச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. 1983ஆம் ஆண்டு இலத்தீன் திருச்சபைச் சட்டத்தின் 643ஆம் எண் இப்படிச் சொல்கிறது, கீழைத் திருச்சபைகளின் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் சபைகளுக்கு அதே வயதைத்தான் வைத்திருக்கிறது. இலத்தீன் சட்டப்படி நவதுறவு இல்லத்திலேயே 12 மாதம் இருக்க வேண்டும். தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நவதுறவு செல்லாது; 15 நாளுக்கு மேற்பட்டால் அதை ஈடுகட்ட வேண்டும். அண்ணன் கல்யாணத்துக்கு ஏன் விடவில்லை, அம்மா ஆபரேஷனுக்கு ஏன் ஒரு வாரத்தில் திரும்பினாள் என்று வீட்டார் மடத்தின் மேல் வருத்தப்படுவது இந்தக் கணக்கு தெரியாததால்தான். சேருமுன்பே சபையார் இதைப் பெற்றோரிடம் விளக்க வேண்டும். நவதுறவு மொத்தம் இரண்டு ஆண்டைத் தாண்டக் கூடாது; தகுதி பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் வரை நீட்டலாம்.

பிறகு முதல் வார்த்தைப்பாடு. அதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குகளும் இப்போது தற்காலிகமானவை. இந்தக் காலம் மூன்று ஆண்டுக்குக் குறையாது, ஆறு ஆண்டுக்கு மேற்படாது. தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது ஆண்டு வரை நீட்டலாம். 21 வயதும் மூன்று ஆண்டுத் தற்காலிக வார்த்தைப்பாடும் நிறைந்த பிறகே நித்திய வார்த்தைப்பாடு. 18 வயதில் சேர்ந்தவள் நித்திய வார்த்தைப்பாட்டைத் தொடும்போது பெரும்பாலும் 27, 28 வயதாகியிருக்கும். அடைபட்ட தியான மடங்களுக்கு உரோமை 2018இல் தனி ஒழுங்கு வகுத்தது: ஆஸ்பிரன்ட் குறைந்தது ஓராண்டு, போஸ்டுலன்ட் குறைந்தது ஓராண்டு, நவதுறவு இரண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு ஐந்து, கூட்டினால் ஒன்பது ஆண்டுக்குக் குறையாது.

இத்தனை படி எதற்கென்றால், ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் ‘சரிதானா?’ என்று கேட்டுக்கொள்வதற்கு. நவதுறவி எந்த நாளும் சுதந்திரமாக வெளியேறலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போது புதுப்பிக்காமல் போவதற்கும் தனி விடுவிப்பு தேவையில்லை. அதேபோல் சபையும் ‘இவள் எங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை’ என்று சொல்லலாம். அழைத்தல் என்பது அவள் மனதில் கேட்ட குரல் மட்டும் என்று நினைப்பது பாதி உண்மை. சபையின் சம்மதமும் சேர்ந்தால்தான் அது முழுமையாகிறது.

எந்த முறை, எந்த மொழி

வேறு ஊர்ப் பெண்களுக்கு எழாத ஒரு கேள்வி குமரிப் பெண்ணுக்கு முதல் நாளே எழும். நீ எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவள்? ‘நாங்க மலங்கரைக் கோயிலுக்குத்தான் போறோம்’ என்பது இதற்குப் பதில் ஆகாது. எத்தனை ஆண்டு ஒரு முறையின் கோயிலுக்குப் போனாலும், அங்கேயே புதுநன்மை வாங்கினாலும், அதனால் மட்டும் ஒருவர் அந்தத் திருச்சபையின் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை என்று இலத்தீன் சட்டத்தின் 112ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. பெற்றோர் இருவரும் கத்தோலிக்கராக, வெவ்வேறு முறையினராக இருந்தால் பொதுவாகத் தகப்பனாரின் திருச்சபையே பிள்ளைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மலங்கரைக் கோயில், தகப்பனார் இலத்தீன் என்றால் பிள்ளை இலத்தீன்தான்.

ஒரு முறையைச் சேர்ந்த பெண் வேறு முறையின் சபையில் நவதுறவு ஏற்கக் கூடாது என்பதில்லை. தன் சொந்தத் திருச்சபைக்கென்றே இருக்கும் வீட்டுக்கோ சபை மாநிலத்துக்கோ (சபையின் நிர்வாகப் பிரிவு) அவளைச் சேர்க்காத பட்சத்தில் உரோமையிலுள்ள திருப்பீடத்தின் அனுமதி வேண்டும். கீழைச் சட்டத்தின் 517ஆம் எண். விண்ணப்பம் சபையின் தலைமை வழியாகவே போகும், உடனடியாக வந்துவிடாது. இது தெரியாமல் நவதுறவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திருமுழுக்குச் சான்றிதழை எடுத்துப் பார்த்துத் திகைப்பது நடக்கிறது. முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால் போதும்.

இந்த முறைப் பிரிவு சபைகளின் பிறப்பையே தொட்டிருக்கிறது. வரப்புழைக்கு அருகில் கூனம்மாவில் 1866இல் தொடங்கிய கர்மேல் மடத்தில் இலத்தீன், சிரியன் பெண்கள் சேர்ந்தே வாழ்ந்தார்கள். 1890இல் முறைவாரியாகப் பிரித்தபோது ஒரே வேரிலிருந்து இரண்டு சபைகள் ஆயின. அந்த மடத்தின் தொடக்கத்தில் நின்ற அன்னை எலிஸ்வா ஒரு விதவை. மகளோடும் தங்கையோடும் துறவுக்கு வந்தவர். 2025 நவம்பர் 8இல் வல்லார்பாடத்தில் அருளாளராக உயர்த்தப்பட்டார். திருமண பந்தம் நிலைக்கும்வரை துறவு செல்லாது. கணவர் இறந்த பின் அந்தத் தடை இல்லை. ஆனால் வயது வரம்பு சபைக்குச் சபை மாறும் என்பதால் விதவைகளும் முப்பதைத் தாண்டியவர்களும் முதல் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடுவது நல்லது.

முறையைவிட அன்றாடம் அழுத்துவது மொழி. தமிழ்வழியில் படித்த பெண் கோட்டயம் பக்கத்து மடத்தில் சேர்ந்தால், காலைச் செபம் மலையாளம், வகுப்பு ஆங்கிலம், சாப்பாட்டு மேசைப் பேச்சு மலையாளம். எல்லைப் பெண்களுக்கு மலையாளம் காதில் விழுந்து பழகியிருக்கும். ஆனால் மலையாளத்தில் செபிப்பது வேறு. மனம் உடையும்போது வாயில் வரும் செபம் ஆறு வயதில் பாட்டி சொல்லித் தந்த ‘அருள் நிறைந்த மரியே’தான். இரண்டு ஆண்டில் மொழி வந்துவிடும், பயப்பட வேண்டாம். முதல் ஆறு மாதத்து ஊமைத்தனத்தை ‘எனக்கு அழைத்தல் இல்லை’ என்று தப்பாகப் படித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நவதுறவு இல்லம் எந்த மாநிலத்தில், பயிற்சி மொழி எது, முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பின் எங்கெல்லாம் அனுப்புவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல கேரளச் சபைகளின் பணித்தளங்கள் வட இந்தியாவில் இருக்கின்றன; அங்கே மூன்றாவதாக ஒரு மொழி காத்திருக்கும்.

வந்து பாருங்கள்

‘வந்து பாருங்கள்’ என்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு சொன்ன சொல்லையே சபைகள் இந்தத் தங்கலுக்குப் பெயராக வைத்திருக்கின்றன. பெரும்பாலும் மூன்று நாள். மூன்று நாளில் பாட்டு, விளையாட்டு, நிறுவனரின் வரலாறு, நல்ல சாப்பாடு. விருந்தாளியாக இருக்கும்வரை ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ள முடியாது. முடிந்தால் பள்ளி நடக்கும் மாதம் ஒன்றில், பத்துப் பதினைந்து நாள் தங்க அனுமதி கேளுங்கள். விடுமுறையில் மடம் வேறு முகம் காட்டும்.

அப்படித் தங்கினால் என்ன தெரியும்? ஐந்து மணிக்கு முன்பே மணி அடிக்கும். காலைப்புகழ், அரைமணி தியானம், திருப்பலி. எட்டு மணிக்குள் சமையலறையில் இரண்டு பேர், துவைக்கும் கல்லில் ஒருவர், பள்ளிக்குக் கிளம்ப மூன்று பேர். மாலையில் ஜெபமாலை, மாலைப்புகழ், இரவு உணவு, கொஞ்ச நேரம் பேச்சும் சிரிப்பும், பிறகு மௌனம். இந்த ஒழுங்கு எல்லா மடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு சின்ன இடங்களில் தெரியும். சமையலறைச் சுவரில் வாரவேலை எழுதி ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். தலைமையாசிரியை சிஸ்டரின் பெயர் பாத்திரம் கழுவும் கட்டத்தில் இருக்கிறதா, அல்லது அந்தக் கட்டங்களில் எப்போதும் இளையவர்களின் பெயர் மட்டும்தானா? படுத்த படுக்கையாக இருக்கும் வயதான சிஸ்டரின் அறைக்குப் போங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா, யாராவது அவரோடு உட்கார்ந்து பேசுகிறார்களா? வேலைக்கு வரும் அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்கள், அவருக்குக் காபி எந்த டம்ளரில் வருகிறது? நாற்பது ஆண்டு கழித்து அந்த மடத்தில் அவள் எப்படி நடத்தப்படுவாள் என்பதற்கு இந்த மூன்று இடங்களும் சபையின் விளம்பரப் புத்தகத்தைவிட நேர்மையான சாட்சி.

வாய்விட்டுக் கேட்க வேண்டியவையும் உண்டு. கடந்த ஐந்தாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்? நல்ல சபை இதற்குத் தயங்காமல் எண்ணைச் சொல்லும். போனவர்களைப் பற்றி மரியாதையோடு பேசும். சபை மறைமாவட்ட உரிமையுடையதா, திருத்தந்தை உரிமையுடையதா? பிற்காலத்தில் ஒரு சிக்கல் வந்தால் ஆயரிடம் போவதா உரோமைக்கு எழுதுவதா என்பது இதைப் பொறுத்தது. சபையின் சட்டவிதி நூலைப் படிக்கத் தருவார்களா? நான் நர்சிங் படிக்க விரும்புகிறேன், ஆனால் சபை என்னை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினால்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்ற பதில் போதாது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்தவளை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். அதை முன்பே ஏற்றுக்கொண்டவளுக்குப் பாரம் பாதியாகும்.

பாவசங்கீர்த்தனத்துக்கு யாரிடம் போவது என்பதில் அவளுக்குச் சுதந்திரம் உண்டு. மனச்சாட்சியின் அந்தரங்கத்தைத் தன்னிடம் திறந்து சொல்லும்படி மடத்தலைவி எந்த வகையிலும் தூண்டக் கூடாது என்று இலத்தீன் சட்டத்தின் 630ஆம் எண் தடை செய்கிறது; தானாக விரும்பிச் சொல்லலாம். அதனால் ஆன்ம வழிகாட்டி ஒருவரைச் சபைக்கு வெளியே, சேருமுன்பே அமைத்துக்கொள்வது நல்லது. அவள் சேர்வதாலோ சேராததாலோ எந்த லாபமும் நட்டமும் இல்லாத ஒருவராக அவர் இருக்க வேண்டும். சேர்க்கைக்குப் பணம் கேட்பது, வீட்டோடு பேசவே விடாதது, ஆயர் இல்லத்தில் விசாரித்தால் யாருக்கும் தெரியாத பெயராக இருப்பது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் பெட்டியைத் திரும்ப எடுத்துவிடலாம்.

மனதைப் படிக்கும் வேலை

கேரளத்து முரிங்ஙூர் போன்ற தியான மையங்களில் ஒரு வாரம் இருந்து வரும் பெண்ணுக்கு உலகமே வேறாகத் தெரியும். அந்த அனுபவத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஆனால் முடிவை அந்த வாரத்தில் எடுக்கக் கூடாது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஆன்ம ஆறுதல், ஆன்ம வறட்சி என்று இரண்டு காலங்களைப் பிரித்தார். செபம் இனிக்கும், மனம் விரியும், பிறர்மேல் அன்பு பெருகும் காலம் ஒன்று. இருண்டு, சோர்ந்து, கடவுள் எங்கோ போய்விட்டதுபோல் இருக்கும் காலம் இன்னொன்று. வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் வகுத்த விதி. ஆறுதலின் உச்சத்தில் பொருத்தனை எதுவும் அவசரமாகச் செய்துவிடாதே என்றும் அவர் எச்சரிக்கிறார்.

நடைமுறையில் ஒரு 80 பக்க நோட்டு போதும். இரவு படுக்குமுன் பதினைந்து நிமிடம். இன்று எந்த நேரத்தில் மனம் லேசானது, எந்த நேரத்தில் இறுகியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? தேதி போட்டு மூன்று நான்கு வரி. தவக்காலத் தியானம் முடிந்த வாரத்தில் ‘நாளைக்கே சேரணும்’ என்று எழுதியிருப்பாள். அந்த வரி அதிகம் சொல்லாது. ஜூலை மழையில், கல்லூரி இன்டெர்னல் தேர்வு நடுவில், தோழியின் நிச்சயதார்த்தத்துக்குப் போய்வந்த இரவில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பாருங்கள். கல்யாணப் பந்தலில் நின்றபோது ‘இது அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு வேறொன்று’ என்ற அமைதி இருந்ததா, அல்லது ‘எனக்கு இது கிடைக்காது’ என்ற கசப்பா? முதலாவது தொடர்ந்து வந்தால் கவனிக்கத் தக்கது. இரண்டாவதை வழிகாட்டியிடம் அவசியம் பேச வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் நோட்டை முதலிலிருந்து படித்தால் தற்செயலாக வந்தது எது, திரும்பத் திரும்ப வந்தது எது என்று அவளுக்கே தெரியும்.

தவறான காரணங்கள் புதியவை அல்ல. இந்தப் பக்கத்தில் முதலாவது நேர்ச்சை. குழந்தை பிழைத்தால் மாதாவுக்குத் தருகிறேன் என்று தாய் வேண்டிக்கொண்டிருப்பாள். பதினெட்டு ஆண்டு கழித்து மகள் அதை நிறைவேற்ற வேண்டியவளாக நிற்பாள். நேர்ச்சை செய்தவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்கிறது 1193ஆம் எண். தாயின் நேர்ச்சைக்கு மகள் கடன்பட்டவள் அல்ல. தாய்க்கு மனக்கலக்கம் இருந்தால் பங்குத்தந்தையிடம் பேசி அதற்கு விடுவிப்பு பெறலாம். கட்டாயத்தாலோ, பெரும் பயத்தாலோ, ஏமாற்றாலோ நவதுறவில் சேர்ந்தால் அந்தச் சேர்க்கை செல்லாது. கண்ணீரோடு கெஞ்சும் தாயின் முன் ‘சரி’ என்பதும் எவ்வளவு சுதந்திரமான சம்மதம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வரதட்சணை. மூன்று பெண்கள் இருக்கும் வீட்டில், ஒருத்தி மடத்துக்குப் போனால் இத்தனை பவன் மிச்சம் என்ற கணக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கும். அந்தக் கணக்கை அவளே போட்டு, தன்னைத் தியாகம் செய்துகொள்வதாக நினைத்து வருவதும் உண்டு. அன்பினால் செய்தாலும் அது அழைத்தல் ஆகாது. பத்து ஆண்டில் கசந்துபோகும். படிப்புச் செலவுக்காகவோ, காதல் முறிந்த வேதனையிலோ வருவதும் இதே வகை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கலப்படமான காரணம் இருந்தாலே அழைத்தல் பொய் என்று தீர்த்துவிட முடியாது. காரணம் காலப்போக்கில் தெளிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் பயிற்சி ஆண்டுகள்.

புனிதமாக வாழ மடம்தான் வழி என்ற எண்ணமும் சில பெண்களை உள்ளே தள்ளுகிறது. நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்து, கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கமான தேவசகாயம் மணமானவர், பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்). 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கடன், பத்திரம், சான்றிதழ்

அடைக்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்பது 644ஆம் எண். நர்சிங்கும் இன்ஜினியரிங்கும் கடன் வாங்கிப் படிக்கும் இந்தப் பகுதியில் இது வெறும் ஏட்டு விதியாக இல்லை. வங்கிக் கல்விக் கடன், அவள் பெயரில் வைத்த நகைக் கடன், சுயஉதவிக் குழுவில் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடன் இருப்பதால் அழைத்தல் இல்லை என்றாகாது. இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து அடைத்துவிட்டு வரலாம், அந்தக் காலம் தெளிந்து தேர்வதற்கும் உதவும். வறுமையில் இருக்கும் பெற்றோருக்கு அவளே ஆதாரம் என்றால் பழைய 1917ஆம் ஆண்டுச் சட்டம் சேர்க்கையையே தடுத்தது. இன்றைய சட்டத்தில் அந்த வரி இல்லை. ஆனாலும் பொறுப்பான சபை அதை விசாரிக்காமல் விடாது.

சொத்து விஷயத்தில் எல்லைப் பகுதிக்குத் தனி வரலாறு உண்டு. 1956 நவம்பர் வரை குமரி திருவிதாங்கூரோடு இருந்தது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951லேயே செயலிழந்துவிட்டது, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. அதாவது தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனால் ‘மடத்துக்குப் போறவளுக்குச் சொத்து எதுக்கு?’ என்ற பேச்சு பழைய சட்டத்தின் நிழலாக இன்னும் இருக்கிறது. சேருவதற்கு முந்தின வாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நடக்கிறது.

திருச்சபை அப்படிக் கேட்கவே இல்லை. 668ஆம் எண்ணின்படி முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தைத் தான் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் வருமானம் யாருக்கு என்று தீர்மானிக்கலாம். உரிமை அவளுடையதாகவே இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்க உயில் எழுத வேண்டும். சொத்தை முழுவதும் துறக்க வேண்டிய சபைகளிலும் அது நித்திய வார்த்தைப்பாட்டை ஒட்டித்தான். ஆகவே பயிற்சிக் காலத்தில் தம்பிக்கோ சபைக்கோ எந்தப் பத்திரமும் எழுதிக் கொடுக்காதீர்கள். திரும்பி வர நேர்ந்தால் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இருந்தால்தான் உள்ளே இருப்பதும் சுதந்திரமாக இருக்கும்.

உடல்நலத்தை மறைப்பது அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு. வலிப்பு, மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மாத்திரை, முன்பு வேறொரு மடத்தில் இருந்து வந்தது, இவற்றை ‘சொன்னா எடுக்கமாட்டாங்க’ என்று மறைத்துவிடுவார்கள். நவதுறவின் மௌனத்திலும் தூக்கக் குறைவிலும் அவை வெளியே வரும், அப்போது நம்பிக்கை உடைந்திருக்கும். முன்பு இன்னொரு சபையில் சேர்க்கப்பட்டிருந்தால் அங்கிருந்து சான்றுக் கடிதம் கேட்பார்கள். உளவியல் பரிசோதனைக்குச் சபை அனுப்பலாம். அவளது அந்தரங்க உரிமையை மீறாமல், அவள் சம்மதத்தோடு. மதிப்பெண் பட்டியல் போன்ற அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் கொடுத்து அசலைக் காட்டுங்கள். ஒப்படைத்தே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

வெளியே வருகிறவளுக்கு இந்தச் சான்றிதழ்கள்தான் முதல் தேவை. சபையில் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது, ஆனால் சபை அவளிடம் நீதியோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்கிறது 702ஆம் எண். அந்த அன்பு எவ்வளவு தொகை, எத்தனை மாத உதவி என்று சட்டம் சொல்லவில்லை. பஸ் செலவோடு அனுப்புகிற இடமும் உண்டு, படிப்பு முடியும்வரை கட்டணம் கட்டுகிற இடமும் உண்டு. ‘மடம் விட்டு வந்தவள்’ என்ற பேச்சுக்குப் பயந்து உள்ளே இருந்துவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அது அவளுக்கும் நல்லதல்ல, மடத்துக்கும் நல்லதல்ல. வீட்டார் முதல் மாதம் காரணம் கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி. அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில்) கேட்பவர்களிடம் ‘படிக்க வந்திருக்கா’ என்று தகப்பனார் சொல்லிவிட்டால் மற்ற வாய்கள் அடங்கும்.

சேரும்போது கேட்கும் தாள்களில் மிகப் பழையது திருமுழுக்குச் சான்றிதழ். வீட்டு அலமாரியில் லேமினேட் செய்து வைத்திருப்பது உதவாது. அண்மையில் எடுத்தது வேண்டும். காரணம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஓரமாகக் குறிப்பெழுத இடம் விட்டிருப்பார்கள். உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம், முறை மாற்றம் ஆகியவை எந்த ஊரில் நடந்தாலும் தகவல் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கே வந்து அந்த ஓரத்தில் ஏற வேண்டும். புதிதாக எடுக்கும் சான்றிதழில் அவையும் இருக்கும். திருமணத் தடை இல்லை என்று சபை தெரிந்துகொள்வது இதிலிருந்துதான். துறவு வாழ்க்கையில் அங்கே ஏறுவது நித்திய வார்த்தைப்பாடு மட்டுமே. மடத்தில் சேர்ந்த நாளையும், நவதுறவையும், முதல் வார்த்தைப்பாட்டையும் அதில் எழுதுவதில்லை. சேர்ந்து ஏழெட்டு ஆண்டானாலும் அவள் பெயருக்கு எதிரே அந்த இடம் காலியாகவே இருக்கும்.